ரேடியோ கடித்த இலை

அத்தியாயம் 9

பிடுங்கியவளுக்குத்தான் தெரியும், அது செத்துவிட்டது என்று.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "மேல எவ்வளவு வளருதோ, கீழயும் கிட்டத்தட்ட அவ்வளவு வேர் வளரும்" என்று சித்தி ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்திருந்தாள். மேலே வளர்ந்ததை வாராவாரம் அளக்கிறார்கள், கீழே வளர்ந்ததை யார் அளந்தார்கள்? சனிக்கிழமை மத்தியானம் வீடு உறங்கிய நேரம் பார்த்து, பால்கனியில் தன் பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பீன்ஸ் செடியின் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்தாள் பொக்கை. வேர் பட்டென்று அறுந்தது. அறுந்ததைத் திரும்ப மண்ணுக்குள் செருகி, சுற்றிலும் விரலால் அழுத்திவிட்டு, கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது செடியின் தலை தொங்கியிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

பொக்கைக்கு ஆறு வயது முடிந்து இரண்டு முன்பல்லும் விழுந்தாகிவிட்டது. "ஊருக்கெல்லாம் பல் செட் கட்டித் தர்றவன் பொண்ணு பொக்கைவாயா நிக்குதே" என்று அவள் அப்பாவே கேலி செய்யப்போய், அந்தப் பெயரே நிலைத்தது. அம்மா போய் இரண்டு வருஷம். ஐந்து மாதத்துக்கு முன்னால் சித்தி வந்தாள். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, சித்திக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த ஐந்து வயதுப் பெண்ணும் வந்தாள். கண் விழித்தால் வாய் ஓயாது. அதனால் ரேடியோ.

வந்த புதிதில் இரண்டு சிறுசுகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தன. பால்கனியைச் சாக்பீஸால் கோடு கிழித்துப் பாகம் பிரித்துக்கொண்டன. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு நாள் முழுக்க 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் சித்திக்கு இது தெரியாமல் போகுமா. கிள்ளுகிற கைகளுக்கு வேறு வேலை கொடுத்தால் என்ன என்று தோன்றியது. முதலில் முட்டை ஓட்டுக்குள் ஈரப் பஞ்சு, மேலே கடுகு. ஓட்டின் மேல் கண்ணும் மூக்கும் வரைந்தாயிற்று. நாலைந்து நாளில் மொட்டைத் தலைகளுக்குப் பச்சை முடி வந்தது. ரேடியோ கத்தரிக்கோலை எடுத்து எல்லாருக்கும் கிராப் வெட்டிவிட்டாள். அப்புறம் கேரட் தலையைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார்கள். அதற்கும் கொண்டை முளைத்தது. அதற்கப்புறம்தான் ஆளுக்கொரு டப்பாவில் பீன்ஸ்.

"ருசி எப்படியிருக்குன்னு பார்த்தேன்" என்று பொக்கையின் செடியில் ஓர் இலையை ரேடியோ கடித்துவைத்த அன்று வீடு இரண்டுபட்டது. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் பொக்கை பீற்றிக்கொண்டாளாம். "எங்க வீட்டுல ஒரு செடி இருக்கு, எங்க தங்கச்சி கடிச்சது." தங்கச்சி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். ஆசிரியை சொல்லி இதைக் கேட்டபோது, சித்தி கடைக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. அளக்கிற நாள்.

சித்தி டீ போட எழுந்து வந்தபோது, சமையலறைக் குழாயடியில் பொக்கையின் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, விடியறதுக்குள்ள எழுந்தாச்சு?"

"சும்மாதான்."

"சும்மா எழுந்தவங்க நகத்துல மண்ணு எப்படி வந்துச்சு?"

அவர் குழாயை மூடிவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசு. பொக்கையோட செடி போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"தலை தொங்கி நின்னுச்சு. தொட்டேன், கையோட வந்துருச்சு. பூனை வேலையோ, காக்கா வேலையோ. உன்னோட உபரி டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்து நட்டுட்டேன்."

உபரி டப்பா என்பது சித்தியின் ஏற்பாடு. குழந்தைகள் ஊன்றிய விதை முளைக்காமல் போனால் என்ன செய்வது என்று, அதே நாளில் நாலு விதையைத் தனியாக ஊன்றி, துணி காயப்போடும் இடத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். அது அந்தப் பெரியவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

"அதுல கடிச்ச இலை கிடையாதே. அவ முதல்ல அதைத்தானே தேடுவா?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. "போய்ப் பாரு."

சித்தி போய்க் குனிந்து பார்த்தாள். அதே டப்பா. போன வாரம் அளந்து குச்சியில் போட்ட அடையாளத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்படி, தண்டை மண்ணில் ஆழம் பார்த்து இறக்கி நட்டிருந்தது. இடது பக்க இலையின் ஓரத்தில் கடி. பல் பல்லாக, வளைவாக, ஒரு பல் மட்டும் லேசாகத் திரும்பினாற்போல.

"ரேடியோவோட திரும்பின பல்லைக்கூட விடலையா நீங்க?"

"அதை விட்டா அது யாரோட கடி? ஓரத்தைக்கூட லேசாக் காய வச்சிருக்கேன், பழைய கடிதானே." மெழுகில் பல் அடுக்கும்போது உபயோகிக்கிற சின்னக் கத்தியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "டாக்டரே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு சொன்னாள். "சொல்லியிருக்கலாம். செடின்னா சில சமயம் போகும். வேற விதை போட்டா ஆச்சு."

"அளக்கற நாளும் அதுவுமா அவ முகம் தொங்கணுமா? நீ பார்த்ததில்ல. அது ஒருதடவை தொங்கினா நிமிர ஒரு வருஷம் ஆகும்."

சித்தி கீழே சிந்தியிருந்த மண்ணைக் கூட்டி எடுத்தாள். பொக்கையின் அம்மா போன பிறகு வந்த அந்த ஒரு வருஷத்தில் அவள் இந்த வீட்டில் இல்லை. தான் இல்லாத காலத்தைப் பற்றிப் பேச இன்னும் உரிமை வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

குழந்தைகள் எழுந்தார்கள். பல் துலக்குவதற்கு முன்னாலேயே ரேடியோ ஸ்கேலோடு பால்கனிக்கு ஓடினாள்.

"பல்லப்பா, என்னுதை முதல்ல அளங்க. நேத்து ராத்திரி அதுகிட்ட சொல்லியிருக்கேன், நாளைக்கு அளப்பாங்க, நிமிர்ந்து நில்லுன்னு."

பல் கட்டுகிற அப்பா, அதனால் பல்லப்பா. அவர் அளந்தார். "அரை விரல் வளர்ந்திருக்கு."

"அவ்வளவுதானா? ஸ்கேல் சரியில்ல. வேற ஸ்கேல் இருக்கா? அக்கா, நீ வா, உன்னுது."

பொக்கை கதவருகிலேயே நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"வாடா கண்ணு" என்றார் அப்பா. "உன் செடி காத்துக்கிட்டு இருக்கு பாரு."

அவள் வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் டப்பாவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, கடிபட்ட இலையை எடுத்து, அந்தப் பல் பதிவுகளில் ஒவ்வொன்றாக விரல்நுனியை வைத்தாள்.

"இது என்னோடதா?"

"பின்ன யாரோடது? கடிச்ச ஆளு பக்கத்துலயே நிக்குது."

"நான்தான் கடிச்சேன்" என்றாள் ரேடியோ, கையைத் தூக்கி.

"நிஜமா என்னோடதேவா அப்பா?"

"உன்னோடதேதான்."

அந்தக் குழந்தையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர் சித்தியிடம் கண்ணைக் காட்டினார், பார்த்தாயா என்பதுபோல. சித்தி பார்த்தாள். ஒரு செடிக்கு இவ்வளவு வெளிச்சமா என்றுதான் அவளுக்கு இருந்தது.

அன்றைக்குப் பொக்கை சொன்ன பேச்சைக் கேட்டாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். தண்ணீர் ஊற்றும் குவளையை ரேடியோவிடம், "இந்தா, முதல்ல நீ ஊத்து" என்று கொடுத்தாள். ரேடியோவே பயந்துபோய், "அக்காவுக்குக் காய்ச்சலாம்மா?" என்று வந்து கேட்டாள்.

அவர் முன்னறைக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த அறைதான் அவருடைய பட்டறை. மறுநாள் கோர்ட்டில் நிற்கவேண்டிய ஒரு வக்கீலுக்கு மேல் பல் செட் உடைந்துபோய், ஞாயிறு என்றும் பார்க்காமல் பல் டாக்டர் அச்சு அனுப்பியிருந்தார்.

சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் கடகடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், செருப்பு வைக்கிற தட்டின் முன்னால் பொக்கை நாற்காலி போட்டு ஏறி நிற்கிறாள். சித்தியின் செருப்புகள் தட்டிலிருந்து கிளம்பி அலமாரியின் உச்சிக்குப் போயிருந்தன.

"என்னம்மா பண்றே?"

"இடம் பண்றேன்."

"யாருக்கு?"

பொக்கை நாற்காலியிலிருந்து இறங்கினாள். கையைத் தட்டிக்கொண்டாள். ரொம்பவும் மரியாதையாகக் கேட்டாள்.

"சித்தி, நீங்க ரேடியோகூடப் படுத்துக்குவீங்களா?"

"எதுக்குக் கேக்கறே?"

"பெரிய கட்டில்ல ரெண்டு பேருக்குத்தான் இடம். நீங்க வீட்டை விட்டெல்லாம் போகவேணாம். இங்கயே இருக்கலாம். நான் அம்மாகிட்ட சொல்றேன்."

சித்தியின் கையில் மடித்த துண்டு ஒன்று இருந்தது. அதை இன்னொரு தடவை மடித்தாள்.

"யாரு அம்மாகிட்ட?"

"எங்கம்மா." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள் பொக்கை. "யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அப்பாகிட்டகூட. நான் நேத்து அந்தச் செடியைப் புடுங்கிட்டேன்."

"நீயா?"

"வேர் அளக்கறதுக்கு. அறுந்துபோச்சு. செத்துப்போச்சு சித்தி, நான் பார்த்தேன். நிஜமாச் செத்துப்போச்சு. மண்ணுக்குள்ள வச்சுட்டேன். இன்னிக்குப் பார்த்தா வந்துருச்சு. வேற செடி இல்ல, அதேதான், கடிகூட இருக்கு. அப்பாவும் அதேதான்னு சொல்லிட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அம்மாவையும் மண்ணுக்குள்ளதான் வச்சாங்களாம், அப்போ பெரிய அத்தை போன்ல யாருகிட்டயோ சொன்னாங்க. செடி சின்னது, அதனால ஒரு நாள். அம்மா பெரியவ இல்லையா, அதான் இவ்வளவு நாளாகுது."

சித்தி கையிலிருந்த துண்டை நாற்காலியில் வைத்தாள்.

"கொஞ்சம் இரு கண்ணு. இதோ வரேன்."

"செருப்பை நான் தூக்கிப் போடல. மேலதான் வச்சிருக்கேன்."

"தெரியும்மா. நல்லாத்தான் வச்சிருக்கே."

பட்டறையில் அவர் வக்கீலின் மேல்வரிசைக்கு மெழுகு இளக்கிக்கொண்டிருந்தார். மேஜை முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த வாய்கள். சித்தி கதவைச் சாத்தினாள்.

"அவளேதான் புடுங்கியிருக்கா, அந்தச் செடியை."

"யாரு?"

"பொக்கை. நேத்தே அவளுக்குத் தெரியும், செத்துப்போச்சுன்னு."

அவர் நிமிர்ந்தார். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு, கட்டில், 'அம்மா பெரியவ இல்லையா' என்றது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது மெழுகு தன்பாட்டுக்குக் கொதித்தது. அவள்தான் ஸ்பிரிட் விளக்கை அணைத்தாள்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் அவர். "சின்னப் பொண்ணு. தானா மறந்துடுவா."

"என் செருப்பு அலமாரி மேல இருக்கு. மறக்கறவ செய்யற வேலையா அது?"

"நீயே பக்குவமா சொல்லிடேன். உனக்குத்தான் குழந்தைங்ககிட்டப் பேச வரும்."

"நானா?" சித்தி அவரையே பார்த்தாள். "வந்தவ வாயால, உங்கம்மா வரமாட்டாங்கன்னு அந்தப் பொண்ணு கேக்கணுமா? அப்புறம் வாழ்நாள் முழுக்க அவளை வரவிடாம வச்சது நான்தான்னு ஆகும்."

"அப்படியெல்லாம் நினைக்கமாட்டா."

"கட்டில்ல எனக்கு இடம் இருக்கா இல்லையான்னு யோசிக்கத் தெரிஞ்சவளுக்கு அதை நினைக்கத் தெரியாதா?"

அவர் ஒரு பிளாஸ்டர் வாயை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அவகிட்ட என்னன்னு சொல்லியிருக்கீங்க, இந்த ரெண்டு வருஷமா?"

"உடம்பு முடியாம இருந்துச்சு, போயிட்டான்னு."

"போயிட்டான்னா, போனவங்க வரலாம்தானே?"

"என் வாயில அந்த வார்த்தை வரமாட்டேங்குது."

"ஊருக்கெல்லாம் வாய் கட்டிக் குடுக்கறீங்க." கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். சொல்லும்போது கோபமாக வரவில்லை. "உபரி டப்பா வச்சது என் தப்பு. காலையில பார்த்துட்டுச் சிரிச்சதும் என் தப்பு. அதை நானே அவகிட்டச் சொல்லிக்கறேன். மிச்சம் உங்களது."

அவர் எழுந்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

பால்கனியில் பொக்கை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேடியோ எதிரில் உட்கார்ந்து, முட்டைத் தலை ஒன்றிடம் இன்றைக்கு ஏன் அக்கா நல்லவளாக இருக்கிறாள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் சாக்பீஸ் கோட்டின் மேல் உட்கார்ந்தார். சித்தி கதவோரம் நின்றாள்.

"கண்ணு, இந்தச் செடி உன்னோடது இல்ல."

"என்னோடதுதான்."

"இல்லடா. உன்னோடது போயி… செத்துப்போச்சு. காலையில நான்தான் வேற ஒண்ணைக் கொண்டுவந்து வச்சேன்."

"பொய். கடி இருக்கு."

"கடியையும் நான்தான் வெட்டினேன்."

"பொய். ரேடியோ கடிச்சா. நான் பார்த்தேன், நான்தானே அவளை அடிச்சேன்."

"ஆமா, ரொம்ப வலிச்சுச்சு" என்றாள் ரேடியோ.

அவர் எழுந்துபோய் உபரி டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். அதில் மூன்று செடி நின்றன. ஒரு குழி காலி. அந்தக் குழியைப் பொக்கை பார்த்தாள். அவர் ஒரு செடியிலிருந்து இலையொன்றைக் கிள்ளி, பலகை மேல் வைத்து, சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

எத்தனையோ பேருடைய ஈறுக்கு மயிரிழை பிசகாமல் செதுக்கிய கை. முதல் வெட்டு கோணிப்போயிற்று.

"சரியா வரல" என்றாள் பொக்கை.

"இரு." இன்னோர் இலையைக் கிள்ளினார். ஒரு பல். இரண்டாவது. மூன்றாவதைக் கொஞ்சம் திருப்பி. நாலாவது. வெட்டிய இலையை அவளிடம் நீட்டினார்.

அவள் அதை டப்பாச் செடியின் இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். ரேடியோ கிட்டே வந்து, தன் வாயைத் திறந்து, மேல்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எதுக்கு?" என்றாள் பொக்கை.

"நீ அழுவியேன்னு."

"நான் அழல. நேத்தே எனக்குத் தெரியும். செத்துப்போச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீதான் மாத்திட்டே." குரல் ஏறிக்கொண்டே வந்தது. "எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீதான் தெரியாம பண்ணிட்டே."

"தப்புதான்."

"சித்தி, உங்களுக்குத் தெரியுமா?"

கதவோரத்திலிருந்து பதில் வந்தது. "காலையிலயே தெரியும். பார்த்துட்டுச் சொல்லாம இருந்துட்டேன். நானும் தப்புதான் பண்ணேன்."

பொக்கை அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்போ அம்மா?"

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். அது போகும்வரை அவர் காத்திருந்தார். போன பிறகும் காத்திருந்தார். சித்தி நகரவில்லை.

"அம்மா செத்துப்போயிட்டா கண்ணு."

சொல்லிவிட்டார்.

"உடம்பு முடியாம இருந்துச்சு. ஆஸ்பத்திரியில செத்துப்போயிட்டா. வரமாட்டா. எவ்வளவு நாளானாலும் வரமாட்டா."

பொக்கை டப்பாவை மடியிலிருந்து எடுத்து, மண் சிந்தாமல் கீழே வைத்தாள். பிறகு அவர் முழங்காலில் ஓங்கிக் குத்தினாள். இன்னொன்று. இன்னொன்று. அவர் தடுக்கவில்லை. குத்தக் குத்த அழுகை வந்தது. அழ அழ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் அழுதார். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் தன் அப்பா அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

ரேடியோவிடமிருந்து சத்தமே இல்லை. தன் டப்பாவைக் கோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என்னுதை எடுத்துக்கோ. இது சாகல. நான் புடுங்கிப் பார்க்கவே இல்ல."

பொக்கை மூக்கை உறிஞ்சினாள். "வேணாம். உன்னுது உன்னுதுதான்."

"இதை என்ன பண்றது, தூக்கிப் போட்டுடலாமா?" அப்பா நட்ட செடியை ரேடியோ காட்டினாள்.

"எதுக்குப் போடணும்? அதுவா வந்து உக்காந்துச்சு? அப்பாதானே கொண்டுவந்து வச்சாரு." பொக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது இருக்கட்டும். ஆனா அதுக்கு வேற டப்பா குடுங்க. இது என்னோட செடியோட டப்பா."

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். போய், காலியான டப்பா ஒன்றை எடுத்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாருமாகச் செடியை இடம் மாற்றினார்கள். பொக்கைதான் தண்டைப் பிடித்துக்கொண்டாள், வேரோடு ஒரு பிடி மண் சேர்த்து, உலுக்காமல். முதல் டப்பா வெறும் மண்ணோடு நின்றது. அவள் அதைத் தட்டிச் சமப்படுத்தினாள்.

"அம்மாவை எங்க வச்சிருக்கீங்க?"

"இங்கேருந்து கொஞ்ச தூரம். பஸ்ல போகணும்."

"நான் பார்க்கணும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போறேன்."

"இன்னிக்கு."

வக்கீலின் பல் முன்னறையில் பாதியில் கிடந்தது. சித்தி அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"சரி. இன்னிக்கே. போய் முகம் கழுவிக்கிட்டு வா."

முகம் கழுவி, தலை வாரி, பள்ளிக்கூடத்து ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள் பொக்கை. ரேடியோவும் ஒரு காலில் ஷூவோடு வந்து நின்றாள். "நானும் வரேன். நான் வாயே திறக்கமாட்டேன்."

"பஸ் ஸ்டாப் வரைக்கும் தாங்குமா?" என்றார் அவர்.

"இவ வரட்டும்" என்றாள் பொக்கை. "பேசினாலும் பரவாயில்ல."

சித்தி ரேடியோவின் இன்னொரு காலுக்கு ஷூ மாட்டிவிட்டாள். குனிந்தபடியே, ரொம்ப யோசித்து, கேட்டாள்.

"நானும் வரவா கண்ணு? இல்ல நீங்க மட்டும் போயிட்டு வரீங்களா?"

பொக்கை அப்பாவைப் பார்க்கவில்லை. தானே யோசித்தாள்.

"நீங்க வரவேணாம்" என்றாள். சித்தி தலையாட்டினாள். "நாங்க திரும்பி வரும்போது வீட்டுல யாராவது இருக்கணும்."

அவர்கள் படியிறங்கினார்கள். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு சின்னக் கால்களின் சத்தமும் ஒரு பெரிய காலின் சத்தமும் வளைவு திரும்பி மறைந்தன. பெரிய காலின் சத்தம் மட்டும் திரும்பி வந்தது.

"பர்ஸா?"

"இல்ல." அவர் இரண்டு படி கீழேயே நின்றார். குழந்தைகளுக்குக் கேட்காத குரலில் பேசினார். "எனக்கு அந்த இடம் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"ஊர் தெரியும், இடுகாட்டு கேட் தெரியும். உள்ள எந்தப் பக்கம்னு தெரியாது. அன்னிக்கு நான் நானாவே இல்ல. எல்லாம் எங்க அக்காதான் பார்த்துச்சு. அப்புறம் நான் போகவே இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். அந்த அக்காதான், பொக்கையின் பெரிய அத்தைதான், இந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே வராமல், ஐந்து மாதமாகத் தம்பியின் போனை எடுக்காமல் இருப்பவள்.

"போங்க" என்றாள் சித்தி. "பஸ் ஏறுங்க. நீங்க போய் இறங்கறதுக்குள்ள கேட்டுச் சொல்றேன்."

"என் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணிடும்."

"என் நம்பர் அவங்களுக்குத் தெரியாதே."

அவர் போனதும் சித்தி உள்ளே வந்து, அவருடைய பட்டறை மேஜையோரம் உட்கார்ந்தாள். பிளாஸ்டர் வாய்களை ஒதுக்கிவிட்டு, அவருடைய நோட்டில் பார்த்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"யாரு?"

தன்னை யார் என்று சொல்வது? ஐந்து மாதமாக இந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"அண்ணி, நான் உங்க தம்பி வீட்டுலேருந்து பேசறேன்."

"எனக்கு எந்தத் தம்பி?"

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ பார்த்துச் சிரித்தார்கள்.

"சரி, தம்பி வேணாம்" என்றாள் சித்தி. "பொக்கை வீட்டுலேருந்து பேசறேன். அவ இப்போ பஸ்ல போயிட்டிருக்கா, அவங்க அம்மாவைப் பார்க்க. உள்ள எங்கன்னு அவளை யாராவது கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டணும். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது அண்ணி."

டிவி சத்தம் நின்றது.

போனை வைத்துவிட்டார்களோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள் சித்தி. வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அவள் காத்திருந்தாள்.